பதிவேட்டுக்கு வெளியே

முதியோர் கல்வி என்று யாராவது சொன்னால் ஒரு காலத்தில் எங்கள் ஊரில் சிரிப்புத்தான் வரும். 1978 அக்டோபர் 2-ஆம் தேதி மத்திய அரசு தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரனூருக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் சிற்றூருக்கும் ஒரு மையம் வந்து சேர்ந்தது. ஒரு கரும்பலகை, ஒரு அரிக்கேன் விளக்கு, முப்பது சிலேட்டு, ஒரு பதிவேடு. விளக்கு கொஞ்ச நாளிலேயே பாடம் நடத்த வந்தவர் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டது என்று அம்மா சொல்லுவாள். பதிவேடு மட்டும் ஒழுங்காக நடந்தது. அதில் முப்பது பேர் தினமும் வந்து படித்தார்கள். அவர்களில் ஒருத்தி, காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்த எங்கள் பெரியம்மா.

அதனால் 1991-இல் அறிவொளி இயக்கம் என்று சொல்லிக்கொண்டு சிலர் ஊருக்குள் வந்தபோது, டீக்கடைத் திண்ணையில் இருந்தவர்கள், “இந்த வாட்டி விளக்கு யார் வீட்டுக்குப் போகுதுன்னு பாப்போம்” என்றார்கள்.

வந்தவர்கள் அதிகாரிகளைப் போல வரவில்லை. பறையும் டோலக்கும் அடித்துக்கொண்டு வந்தார்கள். பிள்ளையார் கோயில் முன்னால் நாடகம் போட்டார்கள். கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்தவன் கதை. எங்கள் ஊரில் அந்தக் கதைக்கு விளக்கம் தேவையில்லை. நாடகம் நடக்கும்போதே பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வட்டிக்கடைக்காரர் ஒருவரின் பெயரைச் சொல்லிக் கத்தியது. அந்த மனிதரும் கூட்டத்தில்தான் நின்றிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன், ஆளைக் காணோம்.

நான் அப்போது பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். புதுக்கோட்டையில் பெண்கள் கல்லூரி இருந்தது. தினமும் பஸ்ஸில் போய்வர அப்பா சம்மதிக்கவில்லை. பத்தாவது தாண்டிய பெண் பிள்ளைகள் எங்கள் ஊரில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தோம். எல்லோருமே கல்யாணத்துக்குக் காத்திருந்தோம். “பத்துப் பேருக்கு ஒரு தொண்டர் வேணும், சம்பளம் கிடையாது” என்றார்கள். சம்பளம் இல்லை என்பதாலேயே அப்பா விட்டார். சம்பளம் உண்டென்றால் அது வேலைக்குப் போவதாகிவிடும், கௌரவப் பிரச்சினை. இலவசமென்றால் அது புண்ணியம்.

இதன் பின்னணி எங்களுக்கு அப்போது தெரியாது. 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பட்டிருந்தது. கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் 1990 பிப்ரவரியில் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அங்கே சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அமைப்பு என்ன செய்ததோ அதை இங்கே செய்யத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் முன்வந்தது. புதுக்கோட்டையில் ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஆட்சியர் தலைமை, அறிவியல் இயக்கக்காரர்களின் உழைப்பு, ஊர்ப்பிள்ளைகளின் ராத்திரிகள் மூன்றும் ஒன்று சேர்ந்தன. இதற்கு முன்னும் இப்படிச் சேர்ந்ததில்லை, பின்னும் சேர்ந்ததாக எனக்குத் தெரியவில்லை. அரசாங்கம் தனியாக வந்தபோது விளக்கு மாட்டுக்கொட்டகைக்குப் போனது. இயக்கக்காரர்கள் மட்டும் வந்திருந்தால் பள்ளிக்கூடத்துச் சாவிகூடக் கிடைத்திருக்காது.

பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொன்னது, அ, ஆ என்று ஆரம்பிக்காதீர்கள் என்பதுதான். முதல் பாடமே பட்டா, படி என்று முழுச் சொற்களாக இருந்தது. பிரேசில் நாட்டுப் பாவ்லோ பிரேரே என்பவரின் முறை என்றார்கள். படிக்கிறவர்களின் வாழ்க்கையில் எந்தச் சொல் சூடாக இருக்கிறதோ அதில் தொடங்கு, பேசவிடு, பேசி முடித்த பிறகு எழுது. கேட்க எளிதாக இருந்தது.

நான் பலகையில் ‘பட்டா’ என்று எழுதிவிட்டுத் திரும்பியதும் ஒரு அக்கா கேட்டார்: “எழுதப் படிக்கத் தெரிஞ்சா பட்டா குடுத்துருவாகளா ஆத்தா?” அவர் குடியிருந்த இடம் புறம்போக்கு. அவருடைய மாமனார் காலத்திலிருந்து மனு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொருவர், தன் கொழுந்தன் பங்கையும் சேர்த்துப் பட்டா மாற்றிக்கொண்ட கதையைத் தொடங்கினார். வி.ஏ.ஓ. எவ்வளவு கேட்கிறார், தலையாரிக்கு எவ்வளவு, தாலுகா ஆபீசில் எந்த நாற்காலிக்கு எவ்வளவு என்று ஒரு பட்டியலே வந்தது. அன்றைக்கு யாரும் சிலேட்டைத் தொடவில்லை. பாடம் நடக்கவில்லையே என்று நான் ஒன்றிய ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னேன். அவர், “இதுதாம்மா பாடம். நாளைக்கு எழுத வைங்க” என்றார். மறுநாள் எழுதினார்கள். பட்டா என்ற சொல்லை அவ்வளவு அழுத்தி எழுதியதில் சிலேட்டுக் குச்சிகள் ஒடிந்தன.

வகுப்பு ராத்திரி ஏழரை, எட்டுக்கு. உலை இறக்கி, பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, ஆம்பிளைகள் சாப்பிட்டுத் திண்ணைக்குப் போன பிறகு. நடவு, களையெடுப்புக் காலத்தில் வருவார்கள், வந்து சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிடுவார்கள். எழுப்ப மனசு வராது. இடம் இன்னொரு பெரிய சிக்கல். பள்ளிக்கூடத்தில் நடத்தினால் தெருப் பெண்கள் வருவார்கள், காலனிப் பெண்கள் வாசல் வரை வந்து நிற்பார்கள். காலனியில் நடத்தினால் தெருவிலிருந்து ஒருத்தரும் வரமாட்டார்கள். இயக்கம் இதை ஒரு பாட்டில் தீர்த்துவிட்டதாக மேடையில் பேசினார்கள். எங்கள் ஊரில் கடைசி வரை இரண்டு இடத்தில்தான் வகுப்பு நடந்தது. நான் காலனி வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன் என்பதற்காக எங்கள் தெருவில் சில வீடுகளில் எனக்குக் கொஞ்ச காலம் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

எதற்காகப் படிக்க வந்தார்கள்? அரசாங்கத் தாள்களில் இதற்கு விழிப்புணர்வு, முன்னேற்றம் என்று பெரிய பெரிய பதில்கள் உண்டு. என்னிடம் படித்தவர்களின் காரணங்கள் சின்னவை. ஒருத்தருக்கு பஸ் போர்டு படிக்க வேண்டும், திருச்சி பஸ்ஸில் ஏறுவதற்குப் பதிலாக இலுப்பூர் பஸ்ஸில் ஏறி ஒருமுறை மானம் போயிருந்தது. ஒருத்தருக்கு ரேஷன் கார்டில் எவ்வளவு எழுதுகிறான், எவ்வளவு போடுகிறான் என்று பார்க்க வேண்டும். ஒருத்தருக்கு மருமகளுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லை என்ற ரோஷம்.

வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருந்த ஒரு அக்கா இருந்தார். எங்கள் பக்கத்தில் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று போகாத வீடு குறைவு. கடிதம் வந்தால் படித்துக்காட்ட ஆள் தேட வேண்டும். எட்டாவது படிக்கிற பையன் படிப்பான். அவன் படித்ததை அவன் அம்மாவிடம் சொல்வான், மறுநாள் கிணற்றடியில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பதில் எழுதுவதற்கும் அதே பையன்தான். புருஷனிடம் சொல்ல வேண்டியதைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் எப்படிச் சொல்வது? “நலம், நலமறிய ஆவல்” என்பதோடு வருஷக்கணக்காகக் கடிதங்கள் முடிந்துபோயின. அந்த அக்கா மற்றவர்களைவிட இரண்டு மடங்கு வேகமாகப் படித்தார். ஒரு நாள் வந்து, “ஏர் மெயில் ஒண்ணு நானே எழுதிப் போட்டுட்டேன்” என்றார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் படித்ததற்கே அர்த்தமில்லாமல் போயிருக்கும். பதில் வந்த நாளில் வகுப்புக்கு எல்லோருக்கும் பொட்டுக்கடலை கொண்டுவந்தார்.

கணக்குப் பாடத்தில் நான்தான் மாணவி. தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் வயது வரம்பு 15 முதல் 35 வரை. எங்கள் வகுப்புக்கு வந்த ஒரு அப்பத்தாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். பதிவேட்டில் பெயர் எழுத முடியாது. ஆனால் முதல் ஆளாக வந்து உட்காருவார். வீசம், மாகாணி, அரைக்கால், காலே அரைக்கால் என்று அவர் மனசுக்குள் போட்ட கணக்கு, நான் சிலேட்டில் போட்டு முடிப்பதற்குள் விடையாக வந்துவிடும். மரக்காலில் அளந்தும் முந்தானையில் முடிந்தும் வாழ்ந்த கணக்கு அது. அவருக்குத் தெரியாதது எண்ணின் வடிவம் மட்டும்தான். 7 என்று எழுதிக் காட்டினால், “இதுதான் ஏழா? இம்புட்டுதானா?” என்றார். இரண்டே வாரத்தில் எண்கள் முடிந்துவிட்டன. பிறகு அவர் மற்றவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் எழுத்தைப் பார்த்துக்கொண்டேன்.

மூன்று புத்தகங்கள். மூன்றாவது முடிந்ததும் தேர்வு. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஒவ்வொன்றிலும் ஐம்பது விழுக்காடு, மொத்தத்தில் எழுபது விழுக்காடு என்று அளவு வைத்திருந்தார்கள். அப்பத்தா தேர்வு எழுத முடியாது என்று சொன்னபோது வருத்தப்படுவார் என்று நினைத்தேன். “நான் கணக்குல வராட்டிப் போறேன். கணக்கு எனக்கு வருதுல்ல?” என்றார்.

அறிவொளியில் பெண்கள் சைக்கிள் பழகியதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி அது உலகம் முழுக்கப் போனது. முத்துபாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டை இப்போதும் எங்கள் மாவட்டத்தில் ஐம்பது தாண்டிய பெண்கள் முழுசாகப் பாடுவார்கள். ஆட்சியர் பெண்களுக்குச் சைக்கிள் கடன் கிடைக்க வங்கிகளிடம் பேசினார். பாடப் புத்தகத்தில் இல்லாத இந்தச் சைக்கிள் அறிவொளியின் பாடமாக மாறியதற்குக் காரணம் எளிது. பக்கத்து ஊர் வகுப்பைப் பார்க்கத் தொண்டர் போக வேண்டும், ராத்திரி பஸ் கிடையாது, கூட்டிப்போக அண்ணனும் கிடையாது.

நாங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் வாடகைச் சைக்கிள் எடுத்துப் பழகினோம். லேடீஸ் சைக்கிள் எங்கே கிடைக்கும்? ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிள்தான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குரங்குப் பெடல் போட்டோம். வேலியோரம் நின்று விசில் அடித்தார்கள். ஒரு கிழவர் மட்டும் தினமும் வந்து நின்று, “ஹேண்டிலைப் பாக்காதே, தூரத்தைப் பாரு” என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். பிற்பாடு லேடீஸ் சைக்கிள் தாராளமாகக் கிடைத்தபோதும் பல பெண்கள் பார் வைத்ததையே கேட்டு வாங்கினார்கள். பிள்ளையை முன்னால் பாரில் உட்காரவைக்கலாம், பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடமோ புல்லுக்கட்டோ வைக்கலாம். எங்கள் ஊரில் தெருப் பெண்களும் காலனிப் பெண்களும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் நின்றது அந்த மைதானத்தில்தான். வகுப்பால் செய்ய முடியாததை முழங்கால் சிராய்ப்பு கொஞ்சம் செய்தது.

கல்குவாரிப் பெண்களைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. எங்கள் மாவட்டம் முழுக்கப் பாறை. சம்மட்டியும் உளியுமாகக் குடும்பம் குடும்பமாக உடைப்பார்கள், லோடு கணக்கில் கூலி, குத்தகைதாரருக்குத் தலைமுறைக் கடன். அந்தச் சமயத்தில் குவாரிகளில் சிலவற்றை, அங்கே உடைத்துக்கொண்டிருந்த பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்குக் கொடுத்தார்கள். லாரி வெளியே போக வேண்டுமானால் நடைச்சீட்டு எழுத வேண்டும், எத்தனை லோடு போனது என்று நோட்டில் ஏற்ற வேண்டும், வங்கியில் பணம் கட்ட வேண்டும். அந்தக் குழுக்களில் நான் பார்த்த வேகத்தை வேறெந்த வகுப்பிலும் பார்த்ததில்லை. நடைச்சீட்டு எழுத வேண்டிய பெண்ணுக்கு ‘ந’வுக்கும் ‘ட’வுக்கும் ஊக்கம் ஊட்ட ஆள் தேவையில்லை. அவர் எழுதாவிட்டால் லாரி நிற்கும்.

1992-இல் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவித்தார்கள். விழா, ஊர்வலம், சான்றிதழ். நாங்களும் சைக்கிளில் போனோம், சந்தோஷம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அறிவிப்பே எங்கள் தலையில் விழுந்தது. முழுதாக முடிந்துவிட்ட வேலைக்கு எதற்குப் பணம், எதற்கு ஆள்? ஆட்சியர்கள் மாறினார்கள். ஒருங்கிணைப்பாளர்கள் தங்கள் சொந்தப் பள்ளிக்கூடங்களுக்கும் அலுவலகங்களுக்கும் திரும்பினார்கள். எழுத்தறிவின்மையை அம்மையைப் போல ஒழித்துவிடலாம், ஒரு தேதி குறித்து ஒழிந்தது என்று அறிவித்துவிடலாம் என்ற எண்ணம் மேலே இருந்தவர்களுக்கு இருந்தது. அம்மைத் தழும்பு சாகும்வரை இருக்கும். எழுத்து, தொடாமல் விட்டால் இரண்டு வருஷத்தில் போய்விடும்.

போகவும் செய்தது. பஸ் போர்டு படிக்க வந்த அக்காவுக்கு அது நிலைத்தது, பஸ் தினமும் வந்ததே. கடிதம் எழுதிய அக்காவுக்கு நிலைத்தது. சுயஉதவிக் குழுக்கள் 1990-களின் பிற்பாதியில் ஊர் ஊராகப் பரவியபோது குழுவின் ஊக்குநர், பிரதிநிதி என்று ஆனவர்களுக்கு நன்றாகவே நிலைத்தது. தீர்மான நோட்டு, வரவு செலவு, வங்கிச் சலான் என்று வாரம்தோறும் எழுத்து வேலை இருந்தது. மற்றவர்களுக்குக் கையெழுத்து மட்டும் மிஞ்சியது. அதையும் எழுத்தாகப் போடவில்லை, கோலம் போலக் கைப்பழக்கத்தில் போட்டார்கள்.

அறிவொளியால் அதிகம் பயன்பட்டவர்கள் படிக்க வந்தவர்கள் அல்லர், சொல்லிக்கொடுக்கப் போன நாங்கள்தான். இதைச் சொன்னால் பழைய இயக்கத் தோழர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். கல்யாணத்துக்குக் காத்திருந்த பெண் ராத்திரி பத்து மணிக்குத் தனியாக சைக்கிளில் வீடு திரும்பினாள். தாசில்தாரிடம் நின்று பேசினாள். இருபது பெரியவர்கள் முன்னால் பாட்டுப் பாடினாள். அப்படிப் பழகியவளை மறுபடி அடுப்படிக்குள் தள்ள ஒரு குடும்பத்துக்குச் சிரமமாக இருந்தது. 1996 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்றானது. எங்கள் ஒன்றியத்தில் நின்று ஜெயித்த பெண்களில் அறிவொளித் தொண்டர்கள் பலர். அங்கன்வாடிக்குப் போனவர்கள் உண்டு, கிராம செவிலியர் ஆனவர்கள் உண்டு. நான் தபால் வழியில் பி.ஏ. தமிழ் படித்து, பிறகு பி.எட். முடித்து, பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். எந்த மதிப்பீட்டு அறிக்கையிலும் எங்களுக்கென்று ஒரு கட்டம் கிடையாது. எத்தனை பேர் தேறினார்கள் என்ற கட்டம் மட்டும் உண்டு.

பிறகு வந்த திட்டங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். 1990-களின் பின்பகுதியில் வளர்கல்வி மையங்கள் வந்தன. இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு மக்கள்தொகைக்கு ஒரு மையம், நாளிதழ், கொஞ்சம் புத்தகம், சிறு மதிப்பூதியத்தில் ஒரு ஆள் என்பது ஏற்பாடு. யோசனை நல்ல யோசனை. மதிப்பூதியம் வருமா, எப்போது வரும் என்று தெரியாத நிலையில் அந்த ஆள் மையத்தைப் பூட்டிவிட்டு வேறு வேலைக்குப் போனார். 2009 செப்டம்பர் 8-ஆம் தேதி சாக்ஷர் பாரத் தொடங்கியது, பெண்களின் எழுத்தறிவு குறைந்த மாவட்டங்களை முன்வைத்து. 2018 மார்ச்சோடு அது நின்றது. 2020-இல் தமிழ்நாட்டில் கற்போம் எழுதுவோம், 2022-இலிருந்து புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். ஐந்து ஆண்டுகளுக்கு 1037.90 கோடி ரூபாய் என்று ஒதுக்கியிருக்கிறார்கள், அதில் மத்திய அரசின் பங்கு 700 கோடி. 15 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் இடம் உண்டு என்பது முன்னேற்றம், அப்பத்தா இருந்திருந்தால் பதிவேட்டில் ஏறியிருப்பார். தேர்வு 150 மதிப்பெண்ணுக்கு. வாசிப்பு, எழுத்து, கணக்கு தலா ஐம்பது. சொல்லிக்கொடுப்பவர்கள் இன்றும் சம்பளமில்லாத் தொண்டர்கள்தாம்.

ஒவ்வொரு திட்டமும் பழையது என்ன ஆயிற்று என்று கேட்காமலே முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. 1992-இல் என்னிடம் சான்றிதழ் வாங்கிய ஒருவரை அண்மையில் தேர்வு மையத்தில் பார்த்தேன். கண்ணாடி போட்டு, பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். “எத்தனை வாட்டித்தான் என்னையத் தேற வப்பீக?” என்றார். பட்டியலில் பெயர் வேண்டும் என்று கூப்பிட்டார்களாம், வந்துவிட்டாராம்.

அவருக்கு இப்போது தேவைப்படுவது வேறு. மகளிர் உரிமைத்தொகை மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. வந்த செய்தி போனில் இருக்கிறது, பெரும்பாலும் ஆங்கிலத்தில். பேரன் பார்த்துச் சொல்ல வேண்டும். நூறு நாள் வேலைக்கு வருகைப் பதிவு போனில், போட்டோவோடு. யாரோ கூப்பிட்டு ஓ.டி.பி. கேட்டால் சொல்லலாமா கூடாதா? அன்று கடிதம் படிக்க எட்டாவது படித்த பையனைத் தேடியது போலவே இன்று பேரனைத் தேடுகிறார்கள். ரேஷன் கடையில் 2020-லிருந்து விரலை வைக்கச் சொல்கிறார்கள். கைநாட்டு வைக்கமாட்டேன் என்று மைப்பெட்டியைத் தள்ளிவிட்டுக் கையெழுத்துப் போட்ட பெண்களை அதே அரசாங்கம் மறுபடி விரலைக் காட்டச் சொல்கிறது. வேலை செய்து தேய்ந்த விரலில் ரேகை விழவில்லை என்றால் துடைத்துத் துடைத்து வைக்க வேண்டும். இதில் யாருக்கும் கூச்சமில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

2020-இன் தேசியக் கல்விக் கொள்கையில் 21-ஆம் அத்தியாயம் முழுக்க வயதுவந்தோர் கல்வியும் வாழ்நாள் கல்வியும்தான். அந்தக் கொள்கையில் எனக்கு உடன்பாடில்லாத பகுதிகள் நிறைய. ஆனால் பள்ளிக்கூடம் விட்ட பிறகு அந்தக் கட்டடத்தையும் பொது நூலகங்களையும் பெரியவர்கள் படிக்கப் பயன்படுத்துங்கள் என்று அதில் சொல்லியிருப்பது சரி. எங்கள் ஊருக்கு அது புதிய யோசனையும் அல்ல. 2006-இல் அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் என்று தமிழ்நாட்டின் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் ஊருக்கு ஒரு நூலகம் கட்டத் தொடங்கினார்கள். எங்கள் ஊரிலும் கட்டினார்கள். நல்ல கட்டடம். இரும்பு அலமாரி, புத்தகங்கள், பெஞ்சு எல்லாம் வந்தன. ஆள் மட்டும் நிலையாக வரவில்லை. இப்போது அங்கே ஊராட்சியின் பிளீச்சிங் பவுடர் மூட்டையும் தேர்தல் சமயத்துத் தட்டிகளும் இருக்கின்றன. சுதந்திர இந்தியாவில் முதன்முதலாக, 1948-இல், பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஆள் கிடைக்கமாட்டார்கள் என்று சொல்லாதீர்கள். 2021-இல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது கொரோனாவில் பாடம் விட்டுப்போன பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க லட்சக்கணக்கில் தன்னார்வலர்கள் வந்தார்கள், பெரும்பாலும் பெண்கள், மாதம் ஆயிரம் ரூபாய்க்கு. என் அண்ணன் மகள் அவர்களில் ஒருத்தி. எம்.எஸ்சி. முடித்துவிட்டு, நான் அன்று இருந்தது போலவே வீட்டில் இருக்கிறாள். சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வரும் அம்மாக்களும் பாட்டிகளும் வாசலிலேயே நின்று, “இந்த மெசேஜ் என்னன்னு பாரு தாயி” என்று அவளிடம் போனை நீட்டுவார்கள். அந்த வாசலில் நடந்துகொண்டிருந்ததுதான் வயதுவந்தோர் கல்வி. அதற்குப் பதிவேடு கிடையாது, 150 மதிப்பெண் கிடையாது. அவளுக்கு ஒரு முறையான சம்பளமும் அந்த நூலகத்தின் சாவியும் கொடுத்தால் போதும், இன்னொரு திட்டம் தேவையில்லை.

இதைப் படிக்கிறவர்களில் ஊராட்சியில் குடியிருப்பவர்கள் இருப்பீர்கள். உங்கள் ஊர் நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். பூட்டியிருந்தால் அடுத்த கிராமசபையில் எழுந்து மூன்று கேள்வி கேளுங்கள்: நூலக வரியாக இந்த ஆண்டு எவ்வளவு வசூலானது, சாவி யாரிடம் இருக்கிறது, சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை திறந்து வைக்க ஊர்ப் பெண் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க என்ன தடை? பதிலைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள்.